மொட்டை மாடி தாண்டிப் போன நர்ஸ்கள்

மேனேஜ்மென்ட் பேப்பர் எழுதினவங்க எல்லாருக்கும் ஃப்ரெடெரிக் டெய்லரைத் தெரிஞ்சிருக்கும். ரெண்டு மார்க் கேள்வியில கண்டிப்பா வருவார். கையில் ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டு, ஒரு தொழிலாளி ஒரு தடவைக்கு மண்வெட்டியில் எவ்வளவு அள்ளுகிறான், 21 பவுண்டு அள்ளினால் நல்லதா, கூட அள்ளினால் நல்லதா என்று பக்கத்திலேயே நின்று அளக்கச் சொன்னவர். அவருடைய புத்தகம் வந்தது 1911-ல். அதே வருஷம் நியூயார்க்கில் ஒரு பெண் பல டஜன் நர்ஸ்களை வைத்து ஒரு நிர்வாகம் நடத்திக்கொண்டிருந்தார். அவங்க வேலை பார்த்த இடத்துல ஸ்டாப்வாட்சும் கிடையாது, சூப்பர்வைசரும் கிடையாது. ஐந்தாவது மாடியில் ஒரு இருட்டு அறை, கட்டிலில் ஒரு நோயாளி, பக்கத்தில் அழுகிற குழந்தை, நடுவில் ஒரே ஒரு நர்ஸ். என்ன செய்வது என்று அவரே முடிவு எடுக்க வேண்டும்.

கண்ணுக்கே தெரியாத இடத்தில் தனியாக வேலை பார்க்கிறவரை எப்படி நிர்வாகம் பண்றது? இந்தக் கேள்வி நம்ம சிலபஸ்ல இல்ல. ஆனா ஒருத்தர் வாழ்க்கை முழுக்க இந்தக் கேள்விக்குத்தான் பதில் தேடினார். அவர் பெயர் லில்லியன் வால்ட்.

1867 மார்ச் 10, ஒஹையோ மாநிலத்தின் சின்சினாட்டியில் பிறந்தார். ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறிய யூதக் குடும்பம். அப்பா கண்ணாடி, லென்ஸ் மாதிரியான பொருட்களை விற்கும் வியாபாரி. சின்ன வயசுலயே குடும்பம் ராச்செஸ்டர் நகரத்துக்கு மாறிவிட்டது. வசதிக்குக் குறைவில்லை. பதினாறு வயதில் வாசர் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டார், வயசு பத்தாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதுக்கப்புறம் சில வருஷம், நம்மில் பல பேர் மாதிரியே, என்ன பண்றதுன்னு தெரியாமத்தான் இருந்திருக்கார். 1889-ல் அக்காவின் உடல்நிலைக்காக வீட்டுக்கு ஒரு நர்ஸ் வந்தார். அவர் வேலை செய்த விதத்தைப் பார்த்ததும் இவருக்கு மனசு அங்கே போய்விட்டது. நியூயார்க் ஹாஸ்பிடல் நடத்திய நர்ஸிங் பள்ளியில் சேர்ந்து 1891-ல் படிப்பை முடித்தார்.

அந்தக் காலத்து நர்ஸிங் படிப்பு எப்படி இருந்ததுன்னு கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. படிப்பு என்று பெயர், ஆனால் பெரும்பாலும் வார்டில் சம்பளமில்லாத வேலை மாதிரிதான். டாக்டர் சொல்வதைச் செய்யணும், தலைமை நர்ஸ் சொல்வதைச் செய்யணும். கீழ்ப்படிவதுதான் முதல் பாடம், கடைசிப் பாடமும் அதுதான். முடிவெடுக்க யாரும் கற்றுத் தரவில்லை.

படிப்பு முடிந்ததும் ஆதரவற்ற சிறுவர்களுக்கான விடுதி ஒன்றில் சுமார் ஒரு வருஷம் வேலை பார்த்தார். பிடிக்கவில்லை, விட்டுவிட்டார். டாக்டராகி விடலாம் என்று 1892-ல் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். கூடவே, நகரத்தின் கிழக்கு மூலையில் குடியேறி வந்த பெண்களுக்கு வீட்டிலேயே நோயாளியைப் பார்த்துக்கொள்வது எப்படி என்று ஒரு வகுப்பும் எடுத்தார். லோயர் ஈஸ்ட் சைடு என்ற அந்தப் பகுதி, அன்றைக்கு உலகத்திலேயே ஜன நெரிசல் மிகுந்த இடங்களில் ஒன்று. கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் வந்த ஏழைகள், ஐந்தாறு மாடிக் கட்டடங்களில் ஒண்டுக் குடித்தனம்.

1893 மார்ச் மாதம், தூறல் விழுந்துகொண்டிருந்த ஒரு காலை. படுக்கை விரிப்பை எப்படி மாற்றுவது என்ற பாடம் நடந்துகொண்டிருந்தது. ஒரு சின்னப் பெண் வந்து, அம்மாவுக்கு முடியலை என்று கூப்பிட்டாள். வால்ட் அவள் பின்னாலேயே போனார். குப்பையும் சேறுமான தெருக்கள் வழியாக லுட்லோ தெருவில் ஒரு கட்டடத்தின் பின்பக்கம். இரண்டே அறைகள். குடும்பத்தில் ஏழு பேர், அதுக்கும் மேல வாடகைக்குத் தங்கியிருந்த வெளி ஆட்கள். குழந்தை பெற்ற தாய், ரத்தப்போக்கோடு, இரண்டு நாளாக மாற்றாத படுக்கையில் கிடந்தார். பார்த்துக்கொண்டிருந்த டாக்டருக்குப் பணம் கொடுக்க முடியவில்லை, அவர் போய்விட்டார்.

வால்ட் அந்தத் தாயைச் சுத்தம் செய்தார், படுக்கையை மாற்றினார், அறையைக் கூட்டினார். கொஞ்ச நேரம் முன்னாடி வகுப்பில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த அதே வேலைதான். வெளியே வந்தபோது அவர் டாக்டர் படிப்பை விட்டுவிடும் முடிவோடு வந்தார். இந்த இடத்துல நான் கொஞ்சம் தயங்கினேன். ஒரே காலையில் ஒருவர் வாழ்க்கை மாறிவிட்டது என்பது கொஞ்சம் சினிமாத்தனமா தெரியும். ஆனா மெடிக்கல் காலேஜை விட்டது உண்மை, சில மாதத்தில் அதே பகுதிக்குக் குடிபோனதும் உண்மை.

கூடப் படித்த மேரி ப்ரூஸ்டர் துணைக்கு வந்தார். முதலில் ரிவிங்டன் தெருவில் ஒரு விடுதியில் இருந்தார்கள். பிறகு ஜெஃபர்சன் தெருவில் ஒரு கட்டடத்தின் மேல்மாடி, ஐந்தாவது மாடி. பணம் கொடுத்தவர்களில் முக்கியமானவர் ஜேக்கப் ஷிஃப் என்ற பெரிய வங்கியாளர். அவருக்கு மாதாமாதம் அறிக்கை போக வேண்டும். எத்தனை வீட்டுக்குப் போனோம், யாருக்கு என்ன நோய், அந்த வீட்டில் எத்தனை பேருக்கு வேலை இல்லை, எல்லாம் எழுதி அனுப்பினார் வால்ட். 1893-ல் அமெரிக்காவில் பெரிய பொருளாதார நெருக்கடி வேறு. வீட்டுக்கு வீடு வேலையில்லை.

வீட்டுக்குப் போகிற நர்ஸ்கள் அதுக்கு முன்னாடியும் இருந்தாங்க. ஆனா பெரும்பாலும் ஏதாவது ஒரு மத அமைப்பு அனுப்பும், இல்லாட்டி ஒரு டாக்டர் அனுப்பணும். வால்ட் இரண்டையும் மாற்றினார். எந்த மதமாக இருந்தாலும் சரி, யார் வந்து கூப்பிட்டாலும் சரி, நர்ஸ் போவார். முடிந்தவர்கள் சில சென்ட் கொடுக்கலாம், முடியாதவர்களுக்கு இலவசம். சும்மா வாங்குகிறோம் என்ற கூச்சம் வரக்கூடாது என்பதற்காகத்தான் அந்தச் சில சென்ட். நர்ஸ் அதே பகுதியிலேயே குடியிருக்க வேண்டும் என்பது இன்னொரு விதி. நோயை மட்டும் பார்க்காமல் அந்த வீடு, தெரு, தண்ணீர், சாக்கடை எல்லாவற்றையும் பார்க்கிற நர்ஸுக்கு அவர் வைத்த பெயர்தான் பப்ளிக் ஹெல்த் நர்ஸ், நாம் பொது சுகாதார செவிலியர் என்று சொல்கிறோமே, அது.

1895-ல் ஷிஃப் ஹென்றி தெருவில் 265-ஆம் எண் வீட்டை வாங்கிக் கொடுத்தார். ப்ரூஸ்டர் உடல்நிலை காரணமாக விலகிவிட்டார். ஆனால் மற்றவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். 1893-ல் இரண்டு நர்ஸ். 1900-ல் 15. 1906-ல் 27. 1913-ல் 92 நர்ஸ்கள், வருஷத்துக்குச் சுமார் இரண்டு லட்சம் தடவை வீடுகளுக்குப் போய் வந்தார்கள்.

இப்ப நம்ம கேள்விக்கு வருவோம்.

போன வருஷம் எங்க டிபார்ட்மென்ட் சிம்போசியத்துக்கு நான் ஒருங்கிணைப்பாளர். முப்பது வாலன்டியர்கள், கேம்பஸ் முழுக்கப் பரவி இருந்தாங்க. யார் வேலை பார்க்கிறாங்கன்னு எனக்குத் தெரியலையேங்கிற பயத்துல, அரை மணிக்கு ஒரு தடவை குரூப்ல போட்டோ அனுப்பச் சொன்னேன். மத்தியானத்துக்குள்ள எல்லாரும் போட்டோ எடுக்கிறதுல நிபுணர் ஆயிட்டாங்க. ரெஜிஸ்ட்ரேஷன் டேபிள்ல ஆளே இல்ல. போட்டோவுக்காக வந்து நின்னுட்டுப் போயிருக்காங்க. தப்பு அவங்க மேல இல்ல, நான் கேட்டது அதைத்தான்.

வால்ட் வேறு மாதிரி செய்தார். முதலில், நகரத்தைச் சிறு சிறு வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு நர்ஸுக்கும் ஒரு வட்டாரத்தைக் கொடுத்தார். அந்த வட்டாரத்துக்கு அவர்தான் பொறுப்பு. அங்கே எந்த வீட்டுக்கு முதலில் போவது, எங்கே எவ்வளவு நேரம் இருப்பது, யாரை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது, எல்லாம் அவர் முடிவு. ஒரு கட்டடத்தில் ஐந்து மாடி ஏறி, இறங்கி, அடுத்த கட்டடத்தில் திரும்ப ஐந்து மாடி ஏறுவதற்குப் பதில், மொட்டை மாடிக்குப் போய், நடுச்சுவரைத் தாண்டி அடுத்த கட்டடத்துக்குள் இறங்குவார்கள். கையில் பையோடு ஒரு நர்ஸ் அப்படித் தாண்டுகிற பழைய புகைப்படம் ஒன்று ரொம்பப் பிரபலம். தேடிப் பாருங்க, கிடைக்கும். அந்தக் குறுக்குவழியை யாரும் ஆஃபீஸில் உட்கார்ந்து திட்டம் போட்டுக் கண்டுபிடிக்கவில்லை என்பது என் ஊகம். தினமும் படி ஏறினவங்களுக்குத்தான் அது தோணும்.

ஆனால் சுதந்திரம் கொடுத்துவிட்டு அம்போ என்று விட்டுவிடவில்லை. நர்ஸ்கள் நிறைய பேர் ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்ந்தார்கள். சாப்பாட்டு மேஜையில் அன்றைய கேஸ்களைப் பேசுவார்கள். நீ என்ன செய்தாய், நான் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்ற பேச்சு. ஒவ்வொரு வருகைக்கும் பதிவு இருந்தது. அனுபவசாலியான நர்ஸ்கள் புதியவர்களோடு கூடப் போய்ப் பழக்கினார்கள். லவினியா டாக் மாதிரி, நர்ஸிங் பாடப்புத்தகமே எழுதினவர், பெண்கள் ஓட்டுரிமைக்காகத் தெருவில் இறங்கினவர், எல்லாம் அந்த மேஜையில் இருந்தார். ஜூனியருக்கு இதைவிட வேற ட்ரெய்னிங் வேணுமா?

சில டாக்டர்களுக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. நர்ஸ்கள் எங்கள் தொழிலில் கை வைக்கிறார்கள் என்று புகார். வால்ட் ஆரம்பத்திலேயே நகர சுகாதார வாரியத்திடம் அனுமதி பெற்று, அதன் பெயர் போட்ட பேட்ஜை அணிந்துகொண்டார். சண்டை போட்டு ஜெயிப்பதைவிட, கேட்டால் காட்ட ஒரு பேட்ஜ் இருப்பது வேலைக்கு ஆகும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அவர் செய்ததிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது பள்ளிக்கூட விஷயம்தான். தலையில் புண் இருந்த காரணத்தால் பன்னிரண்டு வயது வரை பள்ளிக்கூடமே பார்க்காத ஒரு பையனை ஆரம்ப காலத்திலேயே அவர் சந்தித்திருந்தார். ஒவ்வொரு தடவையும் டாக்டர் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார், சிகிச்சை கொடுக்க யாரும் இல்லை. வால்ட் அந்தப் புண்ணுக்கு மருந்து போட்டுப் பையனைப் பள்ளியில் சேர்த்தார். சில வருஷத்தில் நகரம் முழுக்க இதே கதை. பள்ளிகளில் டாக்டர்கள் சோதனை செய்வார்கள், ட்ரக்கோமா என்ற கண் நோய், படர்தாமரை, சிரங்கு, பேன் என்று ஆயிரக்கணக்கான பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புவார்கள். வீட்டுக்குப் போன பிள்ளை, தெருவில் அதே வகுப்புப் பிள்ளைகளோடு சேர்ந்து விளையாடும். நோயும் பரவும், படிப்பும் போகும்.

1902 அக்டோபரில் வால்ட் ஒரு பைலட் ப்ராஜெக்ட் செய்தார். லினா ரோஜர்ஸ் என்ற நர்ஸை நான்கு பள்ளிகளுக்கு ஒரு மாதம் கடனாகக் கொடுத்தார். பள்ளியிலேயே மருந்து போடுவார், சாயங்காலம் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று சொல்லிக் கொடுப்பார். இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒண்ணு இருக்கு. ஆரம்பிப்பதற்கு முன்னாடியே அதிகாரிகளிடம் ஒரு வாக்குறுதி வாங்கிவிட்டார்: இது பலன் தந்தால், நர்ஸுக்கு அரசுப் பணத்திலேயே சம்பளம் கிடைக்க அவர்கள் முயற்சி எடுக்க வேண்டும். நாம ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் பண்ணி, ரிவ்யூல மார்க் வாங்கி, அலமாரியில வெச்சுடுவோம். அடுத்து யார் எடுத்து நடத்துவாங்கன்னு கேட்கவே மாட்டோம். அவர் அதை முதல் நாளே கேட்டார்.

மாதம் முடிந்ததும் நகரமே நர்ஸ்களை வேலைக்கு எடுத்தது. 1902 செப்டம்பரில் பள்ளியிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளைகள் 10,567. அடுத்த வருஷம் செப்டம்பரில் 1,101.

டேட்டா மேல் அவருக்கு இருந்த பிடிப்புக்கு இன்னொரு உதாரணம். 1914-ல் அவருடைய நர்ஸ்கள் வீட்டிலேயே பார்த்த நிமோனியா நோயாளிகள் 3,535 பேர், இறந்தது சுமார் 8 சதவீதம். நான்கு பெரிய மருத்துவமனைகளின் கணக்கையும் வாங்கினார்: 1,612 பேர், இறந்தது சுமார் 31 சதவீதம். இதைப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரியே வேண்டாம்னு சொல்லிடாதீங்க. ரொம்ப முடியாதவர்கள்தான் ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார்கள், ரெண்டு கூட்டமும் ஒண்ணு இல்ல, ப்ராபபிலிட்டி பேப்பர் பாஸ் பண்ணின யாரும் இதைக் கேட்பாங்க. ஆனால் நிமோனியா மாதிரி நோயை வீட்டில் வைத்துப் பார்க்கவே முடியாது என்று சொன்னவர்களுக்கு இந்தக் கணக்கு பதில் சொல்லிவிட்டது.

1909-ல் மெட்ரோபாலிட்டன் லைஃப் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் போனார். உங்கள் பாலிசிதாரர் சீக்கிரம் செத்தால் உங்களுக்கு நஷ்டம், எங்கள் நர்ஸ் போய்ப் பார்த்தால் அவர் பிழைப்பார், அந்தச் செலவை நீங்கள் கொடுங்கள் என்பதுதான் கணக்கு. கம்பெனி ஒத்துக்கொண்டது. நியூயார்க்கில் சோதனையாக ஆரம்பித்தது நாடு முழுக்கப் பரவியது. நல்ல யோசனைதான், சந்தேகமில்லை. ஆனா லாபக் கணக்குல உள்ள வந்த சேவை, அதே கணக்குல வெளியேயும் போகும். தொற்றுநோய்ச் சாவுகள் குறைந்த பிறகு கம்பெனிக்கு அதில் பெரிய லாபம் தெரியவில்லை. 1953-ல் நிறுத்திவிட்டார்கள். அப்போது வால்ட் உயிரோடு இல்லை.

இரண்டு நர்ஸ் இருந்தபோது சாப்பாட்டு மேஜை போதும். தொண்ணூறு பேர் ஆனதும், மற்ற ஊர்களிலும் இதே மாதிரி ஆரம்பித்ததும், மேஜை போதவில்லை. வார்டில் கீழ்ப்படியப் பழகிய நர்ஸை நேராக ஒரு வட்டாரத்துக்குப் பொறுப்பாளராக அனுப்பினால் தடுமாறிப்போவார். வட்டாரத்தை நடத்தவும், மற்ற நர்ஸ்களை மேற்பார்வை செய்யவும் தனியாகப் படிப்பு வேண்டும். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டீச்சர்ஸ் காலேஜில் மருத்துவமனை நிர்வாகம் பற்றி நர்ஸ்களுக்கு ஒரு படிப்பு 1899-லேயே ஆரம்பித்திருந்தது. அங்கே பேராசிரியராக இருந்தவர் அடிலெய்ட் நட்டிங். வால்டும் நட்டிங்கும் சேர்ந்து, ஹெலன் ஹார்ட்லி ஜென்கின்ஸ் என்ற பெண்மணியின் நன்கொடையோடு, 1910-ல் பொது சுகாதார நர்ஸிங்குக்கும் அங்கே இடம் வாங்கினார்கள். வகுப்பு கல்லூரியில், களப்பயிற்சி ஹென்றி தெருவில். இன்றைக்குச் சமூக சுகாதார நர்ஸ்களுக்குத் தலைமைப் பயிற்சி, நிர்வாகப் பயிற்சி என்று எங்கே நடந்தாலும், அதன் பழைய வேர்களில் ஒன்று இங்கேதான் இருக்கிறது.

1912-ல் பொது சுகாதார நர்ஸ்களுக்கான தேசிய அமைப்பு உருவானபோது முதல் தலைவர் வால்ட்தான். யார் வேண்டுமானாலும் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளும் நிலை வந்துவிட்டதால், தகுதியை வரையறுப்பது அதன் முக்கிய வேலை. அதே வருஷம் குழந்தைகள் நலனுக்கென்று அமெரிக்க அரசு ஒரு தனித் துறையை ஆரம்பித்தது. அந்த யோசனை 1903 வாக்கில் வால்டும் அவருடைய தோழி ஃப்ளாரன்ஸ் கெல்லியும் பேசிக்கொண்டிருந்தபோது பிறந்தது.

குறையில்லாத தலைவரா? அப்படிச் சொல்ல மாட்டேன். 1906-ல் எலிசபெத் டைலர் என்ற கறுப்பின நர்ஸை வேலைக்கு எடுத்தார் (முதல் பத்தி டெய்லர் இல்ல, இவர் வேற). அந்தக் காலத்தில் அது துணிச்சல். கறுப்பின மக்கள் வாழ்ந்த சான் ஹுவான் ஹில் பகுதியில் யாரும் நர்ஸைக் கூப்பிட வராதபோது, டைலர் கட்டடக் காவலாளிகளிடம் போய்ப் பேசி, எந்த வீட்டில் யாருக்கு முடியலை என்று தெரிந்துகொண்டு தானே கதவைத் தட்டினார். எனக்கு வால்டைவிட இவர்மேல மரியாதை கூடின இடம் இது. ஆனால் அந்தக் கிளை தனிக் கிளையாகவே இருந்தது, கறுப்பின நர்ஸ்கள் பெரும்பாலும் கறுப்பின நோயாளிகளையே பார்த்தார்கள். நிறப் பாகுபாட்டுக்கு எதிரான தேசிய மாநாட்டுக்கு 1909-ல் வந்தவர்களை அதே ஹென்றி தெரு வீட்டில் ஒரே மேஜையில் உட்கார வைத்து உபசரித்தவர், வட்டாரத்தில் அந்தக் கோட்டை அழிக்கவில்லை.

முதல் உலகப் போர் வந்தது. வால்ட் போரை எதிர்த்தார். 1914 ஆகஸ்டில் நியூயார்க் ஐந்தாவது அவென்யூவில் பெண்கள் நடத்திய அமைதி ஊர்வலத்தில் முன்னணியில் இருந்தார். அமெரிக்கா போரில் இறங்கிய பிறகு இது தேசத்துரோகம் மாதிரி பேசப்பட்டது. நன்கொடையாளர்கள் சிலர் பணத்தை நிறுத்தினார்கள். தன் கருத்துக்காக நர்ஸ்களின் சம்பளத்தைப் பணயம் வைக்கலாமா? இதை நானும் ரூம்மேட்டும் ஒரு ராத்திரி முழுக்கப் பேசினோம், முடிவுக்கு வரலை. அவர் கருத்தையும் விடவில்லை, நர்ஸ் வேலையையும் நிறுத்தவில்லை, பணம் தேடி இன்னும் நிறைய அலைந்தார்.

1918 அக்டோபரில் இன்ஃப்ளூயன்ஸா நியூயார்க்கைத் தாக்கியது. நர்ஸ்கள் பலர் போர்ப் பணியில். நகரத்தின் நர்ஸ் அமைப்புகள் எல்லாம் சேர்ந்து ஒரு அவசரக் குழு அமைத்தன, தலைமை வால்டுக்குத்தான் வந்தது. ஐந்தாவது அவென்யூவில் ஒரு பெரிய கடையின் படிக்கட்டில் பெண்கள் நின்று, உதவிக்கு வாருங்கள் என்று துண்டுச்சீட்டு கொடுத்தார்கள். வந்தவர்களைப் பிரித்தார்கள். பயிற்சி பெற்ற நர்ஸ் மிக மோசமான வீடுகளுக்கு. மற்றவர்கள் சூப் கொண்டுபோக, துணி கொடுக்க, கார் வைத்திருப்பவர்கள் நர்ஸை ஏற்றிப்போக. நான்கு வருஷம் முன்னால் அமைதி ஊர்வலம் போன அதே தெரு.

1925-க்குப் பிறகு உடம்பு ஒத்துழைக்கவில்லை. 1933-ல் பொறுப்பிலிருந்து விலகி, கனெக்டிகட் மாநிலத்தின் வெஸ்ட்போர்ட்டில் குளத்தோரம் இருந்த தன் வீட்டுக்குப் போனார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1940 செப்டம்பர் 1-ஆம் தேதி இறந்தார், வயது 73. நாற்பது வருஷம் பணம் திரட்டியது பெரும்பாலும் அவர் முகத்துக்காக என்பதால், அந்த இடத்தை நிரப்புவது மற்றவர்களுக்குச் சுலபமாக இருந்திருக்காது. 1944-ல் நர்ஸ் சேவை ஹென்றி தெருவிலிருந்து பிரிந்து தனி நிறுவனம் ஆனது. நியூயார்க்கில் இன்றும் வீடு வீடாகப் போகிறது, பெயர் மட்டும் மாறியிருக்கிறது.

265-ஆம் எண் வீடும் இருக்கிறது. அந்தச் சாப்பாட்டு அறையையும் வைத்திருக்கிறார்கள். அவர் கதையைச் சொல்லும் ஒரு கண்காட்சியும் அந்த வீட்டிலேயே வைத்திருக்கிறார்கள். எம்.எஸ். படிக்க நியூயார்க் பக்கம் போறவங்க யாராவது இருந்தா, ஒரு சாயங்காலம் போய்ப் பார்த்துட்டு எனக்கு எழுதுங்க.